விலைபோகாத குரல்

நுழையும்முன்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிபாட்டிலிருந்து கிளைத்தது நற்செய்தி இசை. அவ்விசையை உலக அரங்குகளுக்குக் கொண்டுசென்றவர் மகாலியா ஜாக்சன். அவரது குரலைச் சொந்தத் திருச்சபையினர் சிலரே நாகரிகமற்றது என ஒதுக்கிய காலம் உண்டு; அதே குரலை விலைக்கு வாங்கக் கேளிக்கை உலகம் காத்துநின்ற காலமும் உண்டு. அவ்விரண்டையும் அவர் எதிர்கொண்ட வரலாறே இப்பாடம்.

ஆற்றங்கரைச் சிறுமி

மிசிசிப்பி ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அமைந்த துறைமுக நகரம் நியூ ஆர்லியன்ஸ். அங்கே ஆற்றின் கரையணைக்கும் இருப்புப்பாதைக்கும் இடைப்பட்ட ஏழைக் குடியிருப்பு ஒன்றில் 1911ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் மகாலியா பிறந்தார். மூன்று அறைகளே கொண்ட வீட்டில் உறவினர் பதின்மூவர் வாழ்ந்தனர். தந்தையார் பகலில் துறைமுகத்தில் பஞ்சுப்பொதி சுமந்தார், மாலையில் முடிதிருத்தினார், ஞாயிற்றுக்கிழமைகளில் மறையுரை ஆற்றினார். மகாலியாவுக்கு ஐந்து வயதானபோது தாயார் மறைந்தார். அதன்பின் டியூக் என்று அழைக்கப்பட்ட பெரியம்மாவின் வீட்டில் அவர் வளர்ந்தார்.

பெரியம்மா கண்டிப்பானவர். வீட்டில் வேலை குறைவின்றி நடக்கவேண்டும். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குச் செல்லவேண்டும். உலகியல் பாடல்கள் காதில் விழவே கூடாது. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் நகரமோ ஜாஸ் இசை பிறந்த மண். தெருவில் ஊர்வலங்கள் சென்றால் பித்தளைக் குழல்கள் முழங்கும். இறுதி ஊர்வலத்திலும் இசைக்குழு நடக்கும். அக்காலத்தில் புகழின் உச்சியிலிருந்த புளூஸ் பாடகி பெஸ்ஸி சுமித்தின் இசைத்தட்டுகள் பெரியம்மா மகனிடம் இருந்தன. பெரியம்மா வெளியே சென்ற நேரத்தில் அவற்றைச் சுழலவிட்டு, வேலை செய்துகொண்டே கேட்பது சிறுமியின் வழக்கமாயிற்று. சொல்லை இழுத்து, வளைத்து, அதன் துயரத்தைக் குரலில் ஏற்றும் வித்தையை மகாலியா முதலில் கற்ற இடம் அதுவே. விலக்கப்பட்ட இசைதான் அவருக்கு ஆசானாயிற்று.

மற்றோர் ஆசானும் இருந்தார் எனலாம். வீட்டுக்கு அருகில் 'புனிதர் சபை' எனப்பட்ட சிறிய கோவில் ஒன்று இருந்தது. மகாலியாவின் குடும்பம் சார்ந்த பாப்டிஸ்ட் சபையில் பாடல்கள் அமைதியாக ஒலிக்கும். இந்தச் சிறு கோவிலிலோ பறை, கஞ்சிரா போன்ற தாம்பூரின், முக்கோணக் கம்பி ஆகியவை முழங்க, மக்கள் கைகொட்டிக் கால்தட்டி உடல் முழுவதாலும் பாடினார்கள். அந்தத் தாளம் அவருடைய பாட்டில் இறுதிவரை நிலைத்திருந்தது.

பள்ளிக்கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. வெள்ளையர் வீடுகளில் துணி துவைப்பதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் தொழிலாயின. அடிமை முறை 1865இல் ஒழிக்கப்பட்டிருந்தாலும், பேருந்தில் தனி இருக்கை, தனிப்பள்ளி, தனிக் குடிநீர்க்குழாய் எனத் தென்மாநிலச் சட்டங்கள் கறுப்பின மக்களைப் பிரித்தே வைத்திருந்தன. அச்சட்டங்களிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பிப் பல லட்சம் பேர் வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த காலம் அது. 1920களின் இறுதியில், பதினாறு பதினேழு வயதுப் பெண்ணாக, மகாலியாவும் தொடர்வண்டியேறிச் சிகாகோ வந்தார். செவிலியாக வேண்டும் என்பது அவர் கனவு. கிடைத்ததோ மீண்டும் சலவையும் வீட்டுவேலையும்தான்.

நான்கு டாலர் பாடம்

சிகாகோவின் கிரேட்டர் சேலம் பாப்டிஸ்ட் கோவிலின் பாடகர் குழுவில் அவர் சேர்ந்தார். விரைவில் அக்கோவிலைச் சார்ந்த இளைஞர் சிலருடன் சிறு குழுவாகச் சென்று, தெற்கிலிருந்து வந்தேறிய ஏழைகள் கடைகளை வாடகைக்கு எடுத்து நடத்திய கோவில்களில் பாடத் தொடங்கினார். தட்டில் விழும் சில்லறைக் காசுகளே ஊதியம்.

நகரின் பெரிய கறுப்பினத் திருச்சபைகளில் அவருக்கு இத்தகைய வரவேற்பு இல்லை. அங்கே வடக்கில் நெடுங்காலமாகக் குடியிருந்த, படித்த, நடுத்தர வகுப்பினர் கூடினர். ஐரோப்பியச் செவ்வியல் இசையைக் குறிப்புப் பார்த்துப் பாடுவதே அவர்களுக்கு மதிப்பு. உடல் அசைய, கைகொட்டி, குரல் உடையப் பாடுவது அவர்கள் மறக்க விரும்பிய தோட்டத்து வாழ்வை நினைவூட்டியது. ஒருமுறை மறையுரையாளர் ஒருவர் மேடையிலேயே மகாலியாவின் பாடும் முறையைக் கடிந்தார். கைகொட்டி ஆர்ப்பரித்துப் பாடுமாறு திருமறையின் சங்கீதமே கூறுகிறதே என அவர் அங்கேயே மறுமொழி சொன்னார்.

1930களின் தொடக்கத்தில் தோழி ஒருவருடன் அவர் இசையாசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்கச் சென்றார். ஆசிரியரும் கறுப்பினத்தவரே; கச்சேரி மேடைகளில் பாடியவர். ஆன்மிகப் பாடல் ஒன்றைப் பாடுமாறு சொன்னார். மகாலியா தமக்கு இயல்பான முறையில், கண்ணை மூடி, விரித்துப் பாடினார். ஆசிரியர் இடைமறித்தார். இப்படிக் கத்துவதை நிறுத்தவேண்டும்; இது இனத்துக்குப் பெருமை சேர்க்காது; வெள்ளையருக்கும் புரியும் வகையில் பாடப் பழகவேண்டும் என்பது அவர் அறிவுரை. அந்த ஒரு பாடத்துக்குக் கட்டணம் நான்கு டாலர். சலவைத்தொழிலாளிக்கு அது சிறிய தொகையன்று. மகாலியா அதைச் செலுத்திவிட்டு வெளியேறினார். அதன்பின் வாழ்நாளில் யாரிடமும் அவர் இசைப்பாடம் கேட்கவில்லை. இசைக்குறிப்பு வாசிக்கவும் கற்கவில்லை.

அந்த ஆசிரியரைக் குறைசொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஓர் இனத்தையே கேலிப்பொருளாக மேடையில் காட்டிய நாட்டில், 'எங்களாலும் செம்மையாகப் பாடமுடியும்' என மெய்ப்பித்துக் காட்டும் சுமை அவர் தலைமுறையின்மேல் இருந்தது. மகாலியா அச்சுமையை ஏற்க மறுத்தார் என்பதே வேறுபாடு.

தெரிந்து தெளிவோம்

அடிமை வாழ்வில் பெயர் தெரியாத மக்களால் இயற்றப்பட்டு வாய்மொழியாக வழங்கியவை ஆன்மிகப் பாடல்கள். நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர் குழுவான 'ஜூபிலி பாடகர்கள்', கல்விநிறுவனத்துக்கு நிதி திரட்ட 1871இல் பயணம் தொடங்கி, இப்பாடல்களைக் கச்சேரி முறையில் பாடி உலகறியச் செய்தனர். நற்செய்தி இசையோ இருபதாம் நூற்றாண்டின் நகரங்களில் வளர்ந்தது. அதன் பாடல்களுக்கு அறியப்பட்ட ஆசிரியர்கள் உண்டு. தாளமும் புளூஸ் இசையின் சாயலும் மிகுதி.

டார்சியும் தெருமுனையும்

நற்செய்தி இசையின் தந்தை எனப் போற்றப்படுபவர் தாமஸ் டார்சி. மறையுரையாளரின் மகனான அவர், இளமையில் 'ஜார்ஜியா டாம்' என்னும் பெயரில் புளூஸ் பியானோ வாசித்துப் புகழ்பெற்றவர். 1932இல் அவர் வெளியூரில் இருந்தபோது மனைவி மகப்பேற்றில் இறந்தார். பிறந்த ஆண்குழந்தையும் அடுத்து இறந்தது. அந்தத் துயரில் அவர் இயற்றியதே 'டேக் மை ஹேண்ட், பிரஷியஸ் லார்ட்' என்னும் மன்றாட்டுப் பாடல். புளூஸ் இசையின் நெளிவையும் வழிபாட்டின் சொல்லையும் இணைத்த அவர் பாடல்களுக்கும் பெரிய திருச்சபைகள் முதலில் கதவடைத்தன. எனவே பாடல் அச்சிட்ட தாள்களைத் தெருமுனைகளில் விற்றார். அங்கே அப்பாடல்களைப் பாடிக்காட்டியவர் மகாலியா. பின்னர் இருவரும் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று பாடினர்.

பாடும் முறை

மகாலியாவின் பாட்டில் தனித்து நிற்பது அவர் தாளத்தைக் கையாண்ட விதம். சில பாடல்களில் தாளமே இருப்பதில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்ட அடிமை மக்களின் வழிபாட்டில், தலைவர் ஓர் அடியை ஓதுவார். மக்கள் அதனை மிக மெல்ல நீட்டி, ஒவ்வோர் அசையையும் பல சுரங்களாக விரித்துப் பாடுவர். அம்மரபையே அவர் தம் தனிப்பாட்டில் கொண்டுவந்தார். தமிழ்ச் செவிக்கு இது புதிதன்று. தாளக்கட்டின்றி, சொல்லின் உணர்வே கால அளவாக, பாடுபவர் நின்று நிதானித்து விரிக்கும் விருத்தத்தைக் கேட்டவர்கள் இதன் இயல்பை எளிதில் உணர்வர். பின்னர் திடீரெனத் தாளம் புகும், கால் தட்டும், கூட்டம் எழும்.

ஒரே பாடலை இருமுறை ஒன்றுபோல் அவர் பாடியதில்லை. மேடையிலேயே போக்கை மாற்றுவார். ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு திரும்பத் திரும்பச் சுழல்வார். அவர் எங்கே திரும்புவார் என முன்கூட்டியே உணர்ந்து வாசிக்கத் துணைவர் ஒருவர் வேண்டும். பல ஆண்டுகள் அப்பணியைச் செய்தவர் மில்ட்ரெட் ஃபால்ஸ் என்னும் பியானோ கலைஞர். மகாலியாவின் இசைத்தட்டுகளைக் கூர்ந்து கேட்போர், பாட்டின் உந்துவிசையில் பாதி அந்த இடக்கை வாசிப்பில் இருப்பதை அறிவர். அவருக்குரிய புகழ் அவருக்குக் கிடைக்கவில்லை.

பாட மறுத்த மேடைகள்

1936இல் மகாலியா ஐசக் ஹாக்கன்ஹல் என்பவரை மணந்தார். வேதியியல் படித்த அவர், பொருளாதாரப் பெருமந்தத்தில் ஏற்ற வேலையின்றித் தவித்தார். மனைவியின் குரல் நாடக மேடையிலும் கேளிக்கை அரங்கிலும் பொன்னாக மாறும் என நம்பினார். அவர் வற்புறுத்தலால் மகாலியா 'ஸ்விங் மிக்காடோ' என்னும் இசைநாடகத்தின் குரல் தேர்வுக்குச் சென்றார், தேர்வும் பெற்றார். ஆனால் கணவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அறிந்ததும் அவ்வாய்ப்பைக் கைவிட்டார். கருத்து வேறுபாடு வளர்ந்து 1941இல் மணமுறிவில் முடிந்தது.

லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற ஜாஸ் மேதைகள் தம் குழுவில் சேர அழைத்தனர். மதுவருந்தும் விடுதிகளில் பாடப் பெருந்தொகை பேசப்பட்டது. எல்லாவற்றையும் அவர் மறுத்தார். 1937இல் டெக்கா நிறுவனத்துக்காகப் பாடிய நான்கு பாடல்கள் நன்கு விற்கவில்லை. புளூஸ் பாடுமாறு கேட்டபோது அதற்கும் உடன்படவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஒப்பனை நிலையமும் பூக்கடையும் நடத்தினார். வறியவர் ஒருவர் இத்தனை மறுப்புகளைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அந்தக் கடைகளைக் கொண்டே அளக்கலாம்.

1946இல் அப்பல்லோ என்னும் சிறிய இசைத்தட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு அவர் பாடிப் பதிவுசெய்த 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காமல் இரு பக்கங்களில் நீண்டது. கறுப்பினக் குடியிருப்புகளின் கடைகளில் அது வந்தவுடன் தீர்ந்தது. பத்து லட்சத்துக்கும் மிகுதியாக விற்றது. அதனை இயற்றியவர் மெம்பிஸ் நகர மறையுரையாளர் ஹெர்பர்ட் புரூஸ்டர். விண்ணுலகை நோக்கி ஏறுதலைப் பாடும் அப்பாடலில், மண்ணுலகில் தம் மக்கள் கல்வியாலும் உரிமையாலும் மேலேறவேண்டும் என்ற கருத்தையும் வைத்ததாகப் பின்னாளில் அவர் விளக்கினார். கேட்டவர்களுக்கு இரண்டும் புரிந்தன.

அதன்பின் ஏற்றம் விரைவாக நிகழ்ந்தது. 1950 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் முதன்மைப் பாடகியாகத் தோன்றினார். நற்செய்திப் பாடகர் ஒருவருக்கு அச்சிறப்புக் கிடைத்தது அதுவே முதன்முறை. 1952இல் ஐரோப்பியப் பயணம்; 1954இல் கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தம்; 1958இல் டியூக் எலிங்டனின் இசைக்கோவையில் பங்களிப்பு. நற்செய்தி, சமய இசைப் பதிவுகளுக்கெனக் கிராமி விருதில் தனிப்பிரிவு தோன்றியபோது அதனை முதலில் பெற்றவரும் அவரே. எனினும் கொலம்பியா நிறுவனம் சேர்த்த வயலின் கூட்டமும் மெருகும் அவர் குரலின் வேகத்தைத் தணித்தன. அப்பல்லோ காலப் பதிவுகளில் உள்ள வெப்பம் பிற்காலப் பதிவுகள் பலவற்றில் இல்லை.

புகழின் மறுபக்கம்

அரங்கில் எழுந்து நின்று கைதட்டிய வெள்ளையர், வெளியே அவரைத் தம்மருகே அமரவிடவில்லை. தெற்கில் பயணம் செய்கையில் உணவகங்களில் அவருக்கு இடமில்லை. தங்கும் விடுதிகள் கதவடைத்தன. பெரிய மகிழுந்து ஒன்றை வாங்கி, உணவை அதிலேயே எடுத்துச்சென்று, பல இரவுகள் அதிலேயே உறங்கினார். பார்ப்பவர்களுக்கு அது செல்வச் செருக்கின் அடையாளமாகத் தோன்றியிருக்கக்கூடும். கச்சேரி முடிந்ததும் ஊதியத்தைக் காசோலையாக வாங்காமல் ரொக்கமாகக் கேட்டுப்பெற்றதும் ஏமாற்றப்பட்ட பட்டறிவால் வந்த பழக்கமே.

1956இல் சிகாகோவில் வெள்ளையர் வாழ்ந்த பகுதியில் அவர் வீடு வாங்கினார். மிரட்டல்கள் வந்தன; சாளரங்களைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன; வீட்டுக்குக் காவலர் பாதுகாப்புத் தேவைப்பட்டது. தொலைக்காட்சியில் நாடே பார்த்து மகிழ்ந்த பாடகியின் வீட்டில் நிகழ்ந்தது இது.

நடந்தவர்களுக்காகப் பாடியவர்

1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில், பேருந்து இருக்கையை வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். அதனை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 381 நாள்கள் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குச் சென்றனர். அப்போராட்டத்தின் தலைவரான இளம் மறையுரையாளர் மார்ட்டின் லூதர் கிங்கையும் அவர் தோழர் ரால்ஃப் அபர்நாதியையும் 1956இல் மகாலியா சந்தித்தார். நிதி திரட்டும் கூட்டத்தில் பாட இயலுமா என அவர்கள் கேட்டனர். ஊதியத்தைக் காசுக்குக் காசு கணக்குப் பார்த்து வாங்கும் மகாலியா, கால் தேய நடப்பவர்களிடம் கட்டணம் பெறமுடியாது என்று சொல்லி டிசம்பரில் அங்கே சென்று பாடினார். அவர் தங்கியது அபர்நாதியின் இல்லத்தில். சில வாரங்களில் அவ்வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது.

அதன்பின் கிங்கின் இயக்கம் கூடிய இடங்களிலெல்லாம் அவர் பாடினார். மனம் சோர்ந்த இரவுகளில் கிங் தொலைபேசியில் அழைப்பதும், மறுமுனையில் மகாலியா பாடுவதும் வழக்கமாயின.

1963 ஆகஸ்டு 28ஆம் நாள், வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் திரண்டனர். கிங்கின் வேண்டுகோளுக்கிணங்க, இகழப்பட்டும் புறந்தள்ளப்பட்டும் வாழ்ந்தோரின் வலியைச் சொல்லும் பழைய ஆன்மிகப் பாடலொன்றை மகாலியா பாடினார். கூட்டத்தின் ஆரவாரம் அடுத்த பாடலையும் வேண்டிப் பெற்றது. பின்னர் கிங் எழுதிவைத்த உரையைப் படிக்கத் தொடங்கினார். உரை நடுப்பகுதியைக் கடந்தபோது, பின்னால் இருந்த மகாலியா, அந்தக் கனவைப் பற்றி மக்களிடம் சொல்லுமாறு உரத்துக் கூறினார் என்று அருகிலிருந்தோர் பதிவுசெய்துள்ளனர். முந்தைய கூட்டங்களில் கிங் பேசிய கனவை அவர் கேட்டிருந்தார். கிங் தாளை ஒதுக்கிவைத்து நிமிர்ந்து பேசினார். அந்நாளில் உலகம் நினைவில் வைத்திருக்கும் பகுதி அதன்பின் பேசப்பட்டதே. கறுப்பினக் கோவில்களில் மறையுரையாளரும் மக்களும் ஒருவருக்கொருவர் குரல்கொடுத்துப் பேசும் மரபு உண்டு. அன்று மகாலியா செய்தது அம்மரபின் வழிப்பட்ட செயல்தான். இடம் மட்டுமே நாட்டின் தலைநகரம்.

1968 ஏப்ரல் 4ஆம் நாள் மாலை, மெம்பிஸ் நகர விடுதி மாடத்தில் நின்ற கிங், அன்றிரவுக் கூட்டத்தில் டார்சியின் மன்றாட்டுப் பாடலை வாசிக்குமாறு இசைக்கலைஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டார். சில நொடிகளில் சுடப்பட்டார். ஐந்து நாள்களுக்குப்பின் அட்லாண்டாவில் நடந்த இறுதி நிகழ்வில் அப்பாடலைப் பாடியவர் மகாலியா.

இறுதிப் பயணங்கள்

இதயநோய் அவரைத் தொடர்ந்து வாட்டியது. கச்சேரிகளைக் குறைத்துக்கொண்டார், தமக்கு எட்டாத கல்வி வறிய இளைஞர்க்குக் கிட்டவேண்டுமென உதவித்தொகை அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். 1971இல் அமெரிக்க வெளியுறவுத்துறையின் ஏற்பாட்டில் இந்தியா வந்து கல்கத்தா, பம்பாய், புதுதில்லி நகரங்களிலும் நம் சென்னையிலும் பாடினார். தில்லியில் பிரதமர் இந்திரா காந்தியைச் சந்தித்தார்.

அடுத்த ஆண்டு, 1972 ஜனவரி 27ஆம் நாள், தம் அறுபதாம் வயதில் சிகாகோவை அடுத்த எவர்கிரீன் பார்க்கில் மறைந்தார். இளம்பெண்ணாக வந்து பாடகர் குழுவில் சேர்ந்த அதே கிரேட்டர் சேலம் கோவிலில் அவரது உடல் வைக்கப்பட்டது. உறைபனிக் குளிரில் பல்லாயிரவர் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். இறுதி வழிபாட்டில் அரீத்தா பிராங்ளின் டார்சியின் அப்பாடலைப் பாடினார். பின்னர் உடல் நியூ ஆர்லியன்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அந்நகரை அடுத்த மெட்டரியில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. 'வெள்ளையருக்கும் புரியும் வகையில் பாடவேண்டும்' என்ற இசையாசிரியரின் கருத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் இரு குழுக்களாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக.

2. உங்கள் ஊரில் இகழ்ச்சியாகக் கருதப்பட்டுப் பின்னர் மேடையேறிய இசை அல்லது கலைவடிவம் ஒன்றின் வரலாற்றை, மூத்த கலைஞர் ஒருவரைச் சந்தித்துக் கேட்டு எழுதுக.

3. ஊதியத்தில் கண்டிப்பாக இருந்த மகாலியா, மான்ட்கோமரியில் கட்டணமின்றிப் பாடியது முரண்பாடா? பாடப்பகுதியிலிருந்து சான்று காட்டி விளக்குக.